ஃப்ரெஷ் ரத்தம் கேட்ட பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, ராயக்கோட்டை மண்டியில தக்காளிப் பெட்டியைக் கவுத்துப் போட்டு, அடியில கெடக்கறதை அழுத்திப் பாக்குமே ஒரு கை, அந்தக் கையோடயே பொண்டாட்டி பிரசவத்துக்கு ரத்தம் வாங்க ரத்த வங்கிக்குள்ள பூந்துட்டியாமே? "எப்போ பிடிச்சது? பன்னெண்டு நாளாச்சா? அது வேணாங்க, இன்னிக்குப் பிடிச்சதா குடுங்க"ன்னு நீ நின்னு பேரம் பேசினதை உங்க பாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா. எம்பேரன் விவரமானவன், ஆஸ்பத்திரிக்காரனையே மடக்கிட்டான்னு ஒரே பெருமை. மடக்கினியோ மடங்கினியோ, இப்படி உக்காரு. பொண்டாட்டியும் புள்ளையும் உள்ள தூங்கறாங்க. நாம திண்ணையில பேசலாம்.

உன்னை மட்டும் குத்தம் சொல்லலடா. நம்ம ஓசூர் எல்லைப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதுன்னு நாலு பாஷை. ஜூஜூவாடி தாண்டினா போர்டு மாறும், பஸ்ஸு மாறும், தண்ணிக்குச் சண்டையும் வரும். ஆனா ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கறப்போ நாலு பாஷைக்காரனும் ஒரே கேள்விதான் கேக்கறான்: "ஃப்ரெஷ்ஷா இருக்கா?" அந்த ஒரு விஷயத்துல மட்டும் தேச ஒற்றுமை.

எனக்கென்ன தெரியும்னு பாக்கறியா? நான் ஏழாங்கிளாஸுக்கு மேல போகாதவன்தான். எம்மக வயித்துப் பேத்தி லேப் டெக்னீசியன் படிக்கறா பாரு, லீவுக்கு வந்தான்னா பாடத்தைச் சத்தமாப் படிச்சாத்தான் அவளுக்கு மண்டையில ஏறும். அவ மண்டையில ஏறினதுல பாதி என் மண்டையிலயும் ஏறிடுச்சு. ஃபீஸு அவளுக்கு மட்டும்தான் கட்டினோம்.

மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. உன் ஒடம்புல இப்போ ஓடுது பாரு, அந்த ரத்தம் எப்போ செஞ்சது? முழிக்காத. சிவப்பணு ஒண்ணோட ஆயுசு ஏறக்குறைய 120 நாள். தினமும் நூத்துல ஒரு பங்கு சாவும், அதே அளவு எலும்பு மஜ்ஜையில புதுசாப் பொறக்கும். அப்போ உன் கையில ஊசி குத்தி எடுக்கற பையில நேத்துப் பொறந்ததும் இருக்கும், நாளைக்குச் சாவப் போறதும் இருக்கும். 'இன்னிக்குப் பிடிச்சது'ன்னு நீ அடம் பிடிச்சுக் கேட்டியே, அதுலயும் மூணு மாசம் தாண்டின கெழடு கலந்துதான் இருக்குது. எங்க வயசுக்காரனை எங்க போனாலும் ஒதுக்க முடியாதுடா.

பையைக் கையில வாங்கிப் பாத்தேன்னு சொன்னியே, லேபிளைப் படிச்சியா? தேதியை மட்டும் படிச்சிருப்ப. ஓ குரூப்னா நீலம், ஏ குரூப்னா மஞ்சள், பி குரூப்னா இளஞ்சிவப்பு, ஏபி குரூப்னா வெள்ளை. நம்ம நாட்டுல லேபிளுக்கு அப்படித்தான் நெறம் வெச்சிருக்காங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோட எடுக்கறவங்களுக்கும் நெறம் தெரியட்டும்னுதான். குரூப்பு, பை நம்பரு, எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா இதெல்லாம் பாத்தாச்சாங்கற குறிப்பு, எடுத்த தேதி, முடியற தேதி, எந்தச் சூட்டுல வெக்கணும், எல்லாமே அதுல இருக்குது. சாதாரணப் பையில ஊத்தியிருக்கற மருந்து சி.பி.டி.ஏ.ன்னு பேரு, அதுல இருந்தா 35 நாள். சிவப்பணுவைத் தனியாப் பிரிச்சு சத்துத் திரவம் சேத்து வெச்சா 42 நாள். ரெண்டுக்கும் 2 டிகிரியில இருந்து 6 டிகிரிக்குள்ள குளிர் வேணும்.

இந்த 35, 42 எல்லாம் பஞ்சாங்கம் பாத்துக் குறிச்சது இல்ல. கடைசி நாள்ல எடுத்து ஏத்தினாலும், ஏத்தி 24 மணி நேரம் கழிச்சு நூத்துக்கு 75 சிவப்பணுவாவது உசுரோட ஓடணும். அந்தக் கணக்குல எது வரைக்கும் தாங்குதோ அதுதான் கெடு. 1914 வரைக்கும் குடுக்கறவனைப் பக்கத்துலயே படுக்க வெச்சுத்தான் ஏத்த வேண்டியிருந்தது, வெளிய எடுத்தா உறைஞ்சிடும். அந்த வருஷம் சிட்ரேட் உப்பு கலந்தா உறையாதுன்னு கண்டுபிடிச்சாங்க. 1917-ல ஆஸ்வால்ட் ராபர்ட்சன்னு ஒரு டாக்டரு, பிரான்ஸ் போர்க்களத்துல, குண்டு அடுக்கற பெட்டியில ஐஸைப் போட்டு ரத்த பாட்டிலை அடுக்கி வெச்சு, காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஏத்தினாரு. அந்தச் சிப்பாய்ங்க யாரும் எப்போ பிடிச்சதுன்னு கேட்டதா பேத்தி படிக்கலை.

சரி, உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன், இல்லேன்னா கெழவன் ஒருதலையாப் பேசறான்னுவ. பையில கெடக்கறப்போ ரத்தம் மாறத்தான் செய்யுது. பிராண வாயுவைத் திசுக்கிட்ட விட்டுக் குடுக்க சிவப்பணுவுக்கு உள்ள ஒரு சரக்கு இருக்குது, டி.பி.ஜி.ன்னு பேரு. ரெண்டு வாரத்துல அது கிட்டத்தட்ட காலி. அணுவோட சக்தி கொறையும், வட்டத் தட்டாட்டம் இருந்தது முள்ளு முளைச்ச உருண்டையா மாறும், விறைச்சுப் போவும், உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய கசியும், கொஞ்சம் அணு உடைஞ்சு ஹீமோகுளோபின் சிதறும். படிச்சவங்களே இதுக்கு சேமிப்புக் காயம்னுதான் பேரு வெச்சிருக்காங்க. ஆனா அதே பாடத்துலயே அடுத்த வரி, போன டி.பி.ஜி. நோயாளி ஒடம்புக்குள்ள ஏறின பிறகு சில மணி நேரத்துல ஊற ஆரம்பிச்சு, ரெண்டு மூணு நாள்ல பழைய நெலைக்கு வந்துடுது. நம்மாளுங்க மொத வரியோட புஸ்தகத்தை மூடிடறாங்க.

இந்த பயத்துக்கு நெருப்பு வெச்சது 2008. அமெரிக்காவுல கிளீவ்லாந்து கிளினிக்கு, இதய ஆபரேஷனுக்குப் பேர் போன எடம். அங்க 1998-ல இருந்து 2006 வரைக்கும் ஆபரேஷன் பண்ணி ரத்தம் ஏத்தின 6,002 பேரோட ஃபைலைப் பொரட்டினாங்க. 14 நாளுக்கு உட்பட்ட ரத்தம் வாங்கினவங்கள்ல ஆஸ்பத்திரியிலயே செத்தது நூத்துக்கு 1.7 பேரு, 14 நாள் தாண்டினது வாங்கினவங்கள்ல 2.8. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா 7.4-க்கு 11. போதாதா? பேப்பர்ல வந்துச்சு, டி.வி.யில வந்துச்சு. பழைய ரத்தம் ஆளைக் கொல்லுதுன்னு ஊரு ஊரா பேச்சு. பெரிய பெரிய டாக்டருங்களே மெரண்டாங்க, உன்னைச் சொல்லி என்ன.

ஆனா ஃபைலைப் பொரட்டிப் பாக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்குது, கவனி. யாருக்கு அதிகப் பை ஏறும்? ரொம்ப ரத்தம் போனவனுக்கு. பத்து பை ஏறினா அதுல ஒண்ணு ரெண்டு பழசு வர்றதுக்கு வாய்ப்பு அதிகமா, ஒரே ஒரு பை ஏறினவனுக்கு அதிகமா? அவன் சாவறதுக்கும் வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம்? ரொம்ப முடியாதவன், நெறைய பை, அதுல பழசு, கடைசியில சாவு. கடைசிக்கு முன்னால இருக்கறதைப் பிடிச்சு 'இதான்டா காரணம்'னுட்டா எப்படி? குரூப்பும் ஒரு கணக்கு. அபூர்வ குரூப்பு அலமாரியில ரொம்ப நாள் தங்கும், ஓடற குரூப்பு ஓடிடும். இதையெல்லாம் கழிச்சுப் பாக்க எவ்வளவோ கணக்குப் போட்டாங்க, ஆனாலும் சந்தேகம் போகலை.

அதுக்கு ஒரே வழி சீட்டுக் குலுக்கறதுதான். நோயாளி யாரு, எவ்வளவு முடியாதவன்னு பாக்காம, சீட்டுல வந்தபடி ஒருத்தனுக்குப் புதுசு, ஒருத்தனுக்கு அலமாரியில இருக்கறது. உலகம் பூரா அதைப் பண்ணாங்க. கனடாவுலயும் ஐரோப்பாவுலயும் ஐ.சி.யு.வுல கெடந்த 2,430 பேரு. ஒரு பாதிக்கு சராசரி 6 நாள் ரத்தம், இன்னொரு பாதிக்கு 22 நாள் ரத்தம். 2015-ல முடிவு வந்தது: 90 நாளுக்குள்ள செத்தது புதுசு வாங்கினவங்கள்ல நூத்துக்கு 37, பழசு வாங்கினவங்கள்ல 35.3. உடனே பழசுதான் உசத்தின்னு கெளம்பிடாத, அந்த வித்தியாசம் தற்செயலா வர்ற அளவுதான். ரெண்டும் ஒண்ணுன்னு அர்த்தம். அதே வருஷம் அமெரிக்காவுல இதய ஆபரேஷன் பண்ணவங்ககிட்டயே, எந்தக் கூட்டத்துல பயம் கெளம்பிச்சோ அதே மாதிரி ஆளுங்ககிட்டயே, ஆயிரத்துச் சொச்சம் பேருக்குப் பாத்தாங்க. 10 நாளுக்குள்ள இருக்கறதும் 21 நாள் தாண்டினதும் ஒரே பலன். அப்புறம் 2016-ல நாலு நாட்டுல ஆறு ஆஸ்பத்திரி, 20,858 பேரு. செத்தது புதுசுல நூத்துக்கு 9.1, பழசுல 8.7. அதுக்கப்புறம் 2017-ல ஆஸ்திரேலியாக்காரங்க முன்ன நின்னு ஐ.சி.யு. ஆளுங்க 4,919 பேருக்கு. செத்தது புதுசுல நூத்துக்கு 24.8, பழசுல 24.1. எண்ணிப் பாரு, எத்தனை தடவை குலுக்கினாலும் அதே சீட்டுதான் விழுந்திருக்குது.

இதுல எனக்குப் புடிச்சது உகாண்டா கதைதான். மத்ததெல்லாம் பணக்கார நாட்டு ஐ.சி.யு. இது நம்மளை மாதிரி ஊரு. கம்பாலாவுல முலாகோ ஆஸ்பத்திரி. அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தைங்க 290 பேரு, மலேரியா வந்து, அரிவாள் அணு நோய் வந்து, எச்.பி. 5-க்குக் கீழ விழுந்து, மூச்சுக்குத் தவிச்சுக்கினு வந்ததுங்க. ஒடம்பு பிராண வாயு இல்லாம தவிக்கறப்போ ரத்தத்துல லாக்டிக் அமிலம் ஏறும். பழைய ரத்தம் பிராண வாயுவைச் சரியா விடாதுங்கறது நெசமா இருந்தா, இந்தக் குழந்தைங்ககிட்டதான் குட்டு வெளிப்படணும். பாதிக் குழந்தைங்களுக்கு 1-ல இருந்து 10 நாள் ரத்தம். பாதிக்கு 25-ல இருந்து 35 நாள் ரத்தம், அதாவது கெடு முடியப் போறது. எட்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தா, அமிலம் எறங்கினது புதுசுல நூத்துக்கு 61 பேருக்கு, பழசுல 58 பேருக்கு. சளைக்கலைன்னு எழுதி முடிச்சுட்டாங்க. அந்தத் தாய்மாருங்க யாராவது பையை அழுத்திப் பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசி.

குறை மாசத்துல பொறந்த 377 குழந்தைங்களுக்கு கனடாவுல பாத்ததும் அதேதான், பெரிய கோளாறோ சாவோ வந்தது புதுசுல நூத்துக்கு 52.7, பழசுல 52.9. 2016-லயே அமெரிக்க ரத்த வங்கிச் சங்கம் புதுசுன்னு தேடாதீங்க, கெடுவுக்குள்ள இருக்கற எதுவும் சரின்னு வழிகாட்டி எழுதிடுச்சு. ஆனா ஒண்ணு, 42 நாள் கெடுவோட கடைசி வாரத்து ரத்தம் மட்டுமே வாங்கினவங்களைத் தனியா சீட்டுக் குலுக்கிப் பாக்கலை. 2017-ல நியூயார்க்குல நல்லா இருக்கறவங்களுக்கே ஏத்திப் பாத்தப்போ, ஆறு வாரம் ஆனதுல அணு சீக்கிரம் அழிஞ்சு இரும்பு கட்டவுந்து ரத்தத்துல மெதந்துச்சாம். அதே வருஷம், அந்த 20,858 பேர்ல 35 நாள் தாண்டினது வாங்கினவங்களைத் தனியா எடுத்துப் பாத்தாங்க, சாவு கூடலை. அந்தக் கடைசி வாரத்துக்கு வக்கீலுங்க இன்னும் ரெண்டு பக்கமும் இருக்காங்க. உனக்கு வந்தது பன்னெண்டாம் நாள் பை. அதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் கேஸு இல்ல.

இன்னொரு கூத்தும் பண்ணியாமே. "எம்பொண்டாட்டிக்கு என் ரத்தத்தையே ஏத்துங்க"ன்னு சட்டைக் கையை மடிச்சுக்கினு போயி நின்னியாம். சினிமாவுல ரெண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு நடுவுல ட்யூபு ஓடுமே, அதைப் பாத்துக் கெட்டவன்டா நீ. புள்ளை பெத்துக்கற வயசுல இருக்கற பொம்பளைக்குப் புருஷன் ரத்தம் ஆகாது. உன் அணுமேல இருக்கற அடையாளத்துக்கு எதிரா அவ ஒடம்பு ஆயுதம் செஞ்சு வெச்சுக்கும். அடுத்த புள்ளை உன் அடையாளத்தோடதானே வயித்துல வளரும்? அந்த ஆயுதம் அதுமேல பாயும். பாசத்தைக் காட்டணும்னா மாசா மாசம் சத்து மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கலாம், அதை விட்டுட்டு.

சரி, புருஷன் வேணாம், கூடப் பொறந்தவன் குடுக்கட்டும், அப்பன் குடுக்கட்டும்னா? அங்கதான் உன் 'ஃப்ரெஷ்'ஷுக்கே ஆப்பு. புது ரத்தத்துல வெள்ளணுவும் உசுரோட இருக்கும். வேத்து ஆளோட வெள்ளணு வந்தா நம்ம ஒடம்பு அந்நியன்னு கண்டு அடிச்சுடும். நெருங்கின சொந்தக்காரனோட வெள்ளணு, மேல இருக்கற முத்திரை ஒத்துப் போறதால, நம்ம ஆளுதான்னு ஏமாந்து உள்ள விட்டுடும். வந்தவன் அப்படி ஏமாற மாட்டான், இந்த ஒடம்பு அவனுக்கு அந்நியம்தான். தோலு, குடலு, ஈரலு, கடைசியில எலும்பு மஜ்ஜைன்னு ஒண்ணொண்ணா அடிப்பான். ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்துட்டா நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல பொழைக்கறதில்ல. ஜப்பான்ல ஒரு காலத்துல இதய ஆபரேஷனுக்கு சொந்தக்காரங்களை வரவெச்சு சுடச்சுடப் பிடிச்சு ஏத்தற பழக்கம் இருந்துச்சு. ஆபரேஷன் நல்லா முடிஞ்சு, ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு ஒடம்பெல்லாம் செவந்து செத்தாங்க. காரணம் தெரிஞ்ச பிறகு, கதிர் காட்டி வெள்ளணுவை அடக்கின பிறகுதான் ரத்தம் ஏத்தறாங்க. பை குளிர்ல கெடக்கக் கெடக்க அந்த வெள்ளணுவுக்கு வீரியம் போயிடும். இந்த விஷயத்துல பழசுதான்டா சாது. அதுலயும் நாம யாரு? அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டிக் கட்டி முத்திரையைச் சுத்திச் சுத்தி ஒரே வூட்டுக்குள்ளயே வெச்சிருக்கற கூட்டம். நமக்குத்தான் இன்னும் ஜாக்கிரதை வேணும்.

புதுசு வேணும்னு அவசரப்படுத்தறது இன்னொரு ஆபத்து. பிடிச்ச ரத்தத்தைப் பரிசோதிக்க நேரம் வேணும். வாசல்ல இருவது பேரு நின்னு கத்தினா, உள்ள ஒத்தை ஆளா நைட் டியூட்டி பாக்கற டெக்னீசியன் என்ன பண்ணுவான்? 2018 டிசம்பர்ல சாத்தூர்ல நடந்ததை மறந்துட்டோம். ரத்த சோகைன்னு வந்த கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. இருந்த ரத்தத்தை ஏத்திட்டாங்க. சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில இருந்து வந்த பை அது. ஒரு சொந்தக்காரருக்காகக் குடுத்த ரத்தம். குடுத்துச் சில நாள்தான் ஆயிருந்தது. உன் கணக்குப்படி அதைவிட ஃப்ரெஷ்ஷு எங்க கெடைக்கும்? அந்தப் பொண்ணைக் கெடுத்தது பையோட வயசு இல்ல, சோதனையில விட்ட கோட்டை.

இப்போ உன் சிநேகிதப் பட்டாளத்துக்கு வருவோம். ராத்திரி பதினொரு மணிக்கு சிப்காட்ல இருந்து நாலு பைக்குல கெளப்பிக்கினு வந்தியே. ஒருத்தன் சாயந்திரம் கடையில ரெண்டு ரவுண்டு போட்டவன். ஒருத்தன் மொத நாள் நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்காம இருந்தவன்; தூங்காதவன்கிட்ட எடுக்கக் கூடாதுன்னு விதியே இருக்குது, அது உங்க சூப்பர்வைசருக்குத் தெரியாது. இன்னொருத்தன் மீசை பெருசு, எடை 43 கிலோ. 45 இல்லாம ஊசியே போட மாட்டாங்க. மிஞ்சினது அந்த ஒடிசாக்காரப் பையன். அவன்தான் நீட்டினான் கையை, எந்த பாஷையும் பேசாம. அவன் ரத்தத்துக்குச் சோதனை முடியறதுக்குள்ள விடிஞ்சு போச்சு. அதுக்குள்ள உள்ள என்ன நடந்துச்சு தெரியுமா? பை மாட்டறப்போ நான் அந்த ஜன்னல்கிட்டதான் நின்னேன். நீ டீக்கடையில வெற்றியைக் கொண்டாடிக்கினு இருந்த. மாட்டினது அந்தப் பன்னெண்டு நாள் பைதான்டா! நீ வேணாம்னு தள்ளினதேதான். டாக்டரம்மா உங்கிட்ட வாதாடலை, தலையை ஆட்டிட்டு உள்ள போனாங்க பாரு, அது படிச்சவங்க பண்ற வேலை. அந்தப் பைதான் உம்பொண்டாட்டியைக் காப்பாத்திச்சு. உங்க பாட்டிகிட்ட நான் சொல்லலை. அவ பெருமை அவளுக்கு.

புதுசு நெசமாவே வேணுங்கற எடமும் உண்டு. பொறந்த குழந்தைக்கு மஞ்சக்காமாலை முத்தி ஒடம்பு ரத்தத்தையே மாத்தறப்போ, பொட்டாசியத்துக்குப் பயந்து பொதுவா அஞ்சு நாளுக்கு உட்பட்டதைத் தேடுவாங்க. தாலசீமியா குழந்தைங்களுக்கும் கூடுமானவரைக்கும் இளசாத்தான் பாப்பாங்க, ஏறினது நாள் கூட நிக்கட்டும்னு. டெங்குவுக்கு ஏத்தற பிளேட்லெட் ஃப்ரிட்ஜுல நிக்காத சரக்கு, 20-ல இருந்து 24 டிகிரியில ஆட்டிக்கினே வெச்சாலும் அஞ்சு நாள்தான். அதையெல்லாம் டாக்டரு கேப்பாரு. நீ கேக்க வேணாம்.

நீ பாக்க வேண்டியதை நீ பாக்கலை, அதுதான் எனக்கு ஆத்தாமை. போன வருஷம் நம்ம தெருக்காரன் ஒருத்தன், சித்திரை வெயில்ல கிருஷ்ணகிரியில இருந்து ஓசூருக்கு ரத்தப் பையைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு பைக் ஹாண்டில்ல மாட்டிக்கினு வந்தான். குருபரப்பள்ளி, சூளகிரி, லாரி நெரிசல், நடுவுல ஒரு எளநி. ரத்தம் ரொம்ப ஃப்ரெஷ்ஷு, மொத நாள்தான் பிடிச்சதுன்னு வேற சொன்னான். ரத்தத்தை ஐஸ் பேக் வெச்ச பெட்டியிலதான் கொண்டாரணும். அந்த ஐஸும் பைமேல நேரா படக் கூடாது. ஃப்ரிட்ஜை விட்டு வெளிய எடுத்தா அரை மணிக்குள்ள ஏத்த ஆரம்பிக்கணும், நாலு மணி நேரத்துல முடிக்கணும். ஹாண்டில்ல ஆடின மொத நாள் பையைவிட, ஆடாம அசையாம குளிர்ல இருந்த முப்பதாம் நாள் பை எத்தனையோ மேல். மாட்டறப்போ நர்ஸம்மா பேரைக் கேட்டு, குரூப்பைப் பாத்து, நம்பரை ஒப்பிட்டுப் படிக்கறாங்களே, அப்போ செல்லுல ரீல்ஸ் பாக்காம நீயும் சேந்து பாரு. ஒரே பேருல ரெண்டு லட்சுமி ஒரே வார்டுல இருப்பாங்க நம்ம ஊருல. குரூப்பு மாறி ஏறினா, பை எத்தனை நாளானதுன்னு அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க.

உங்க மாமியாருக்கும் ஒண்ணு சொல்லி வை. "எதுக்கும் இன்னொரு பாட்டில் ஏத்திடுங்க, தெம்பா இருக்கும்"னு கேட்டாங்களாம். ரத்தம் டானிக் இல்ல. ரத்தம் போவறது நின்னு போயி, ஆளு நெலையா இருந்தா, எச்.பி. 7-க்குக் கீழ போனாத்தான் ஏத்தறதைப் பத்தி யோசிக்கறாங்க. கனடாவுல 1999-லயே ஐ.சி.யு. ஆளுங்க 838 பேருக்கு அதையும் சீட்டுக் குலுக்கிப் பாத்தாச்சு. 10-ல வெச்சுக்க ஏத்தி ஏத்தி விட்டவங்களைவிட, 7 வரைக்கும் பொறுத்தவங்க ஒண்ணும் கெட்டுப் போவலை. ஏத்த வேணாத பையை ஏத்தாம இருக்கறது, புதுப் பை தேடறதைவிடப் பெரிய வைத்தியம்.

அலமாரியில ஏன் பழசே இருக்குதுன்னு கேட்டியாமே, அதுக்குக் காரணமே நீங்கதான்டா. தலைவர் பொறந்த நாளுன்னா கேம்ப்பு, நடிகர் பொறந்த நாளுன்னா கேம்ப்பு, அக்டோபர் 1 தேசிய ரத்த தான நாள்னு கம்பெனிக்குக் கம்பெனி கேம்ப்பு. பனியன், ஜூஸு, சர்டிபிகேட்டு, செல்ஃபி. எந்தக் கட்சின்னு கேக்காத, எல்லாக் கட்சியும்தான். ஒரே நாள்ல நூத்துக்கணக்கா பை குவிஞ்சா, அத்தனைக்கும் கெடு ஒரே நாள்ல முடியும். செலவாகாதது கொட்ட வேண்டியதுதான். அப்புறம் மே மாசம் வரும். காலேஜு லீவு, பசங்க ஊருக்குப் போயிடுவாங்க, எந்தத் தலைவரும் அந்த நேரத்துக்குப் பொறந்து தொலைக்க மாட்டேங்கறாங்க. அப்போதான் மேலுமலைப் பக்கம் லாரி கவுறும், பிரசவமும் நிக்காது. அலமாரியைத் தொறந்தா ஓ நெகட்டிவ் எடம் காலியா இருக்கும். ஆளைக் கொல்ற ரத்தம் எதுன்னு கேட்டா அதைத்தான் காட்டுவேன், அந்தக் காலி எடத்தை.

அதனால வர்ற மே மாசம், யாரு பொறந்த நாளும் இல்லாத ஒரு செவ்வாக்கெழமையாப் பாத்து நீ போ. அந்த ஒடிசாப் பையனையும் கூட்டிப் போ, ஆனா அவனுக்குக் கடைசியாக் குடுத்து மூணு மாசம் ஆயிருக்கணும். ஆம்பளைக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா, பொம்பளைக்கு நாலு மாசத்துக்கு ஒருக்கா குடுக்கலாம். வயசு பதினெட்டு ஆயிருக்கணும், எச்.பி. 12.5 இருக்கணும். எடை 45-ன்னா மீசைக்காரன் இப்பவே களி திங்க ஆரம்பிக்கட்டும். யாருக்குன்னு கேக்காத, எப்போ ஏத்துவாங்கன்னும் கேக்காத. நைட் ஷிப்ட் முடிச்ச கையோட போவாத. வெறும் வயித்தோடயும் போவாத, அங்க மயங்கி விழுந்து, இன்னார் பேரன்னு என் பேரைச் சொல்லிடப் போற.